மாப்பிள்ளை பார்க்க வந்த நாளில் கவிழ்ந்த டிராக்டர்

கல்யாணம் ஆகாத ஆணுக்கு டிராக்டர் ஓட்டும்போது முன்னால் பார்க்கத் தெரியாது. தன்னை யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பான். (நானும் பார்த்தேன். விளைவை ஊரே பார்த்தது.)

ராஜகுளத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க மானாம்பதிக்கு வந்திருந்தார்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெண்ணும் கூடவே வந்திருந்தாள். பெயர் கலைவாணி. வாலாஜாபாத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. மற்றவர்கள் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நேராகக் கொட்டகைக்குப் போய் எங்கள் டிராக்டரைச் சுற்றி வந்தாள். சீட்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த இரும்பு வளைவைத் தட்டி, "இத இன்னாத்துக்கு மடிச்சி வெச்சிகினு கீறீங்க?" என்றாள்.

"கொட்டாய்க் கூரை இடிக்குதும்மா," என்றார் நைனா.

"வண்டி கவுந்தா இதான் ஆளு மேல வுழாம தாங்கும். நிமித்தி வெச்சி, பெல்ட்டப் போட்டுக்கினு ஓட்டணும்."

மாப்பிள்ளை முறுக்கில் இருந்த எனக்கு இது நல்ல வாய்ப்பாகத் தெரிந்தது. வண்டியை வெளியே எடுத்து, வளைவை நிமிர்த்தி, மடங்காதபடி ஆணியைச் செருகி இறுக்கினேன். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன். உயிர் மேல் அக்கறையினால் அல்ல; அவளிடம் நல்ல பெயர் வாங்கத்தான். (இஸ்திரி போட்ட சட்டை கசங்குகிறதே என்று உள்ளுக்குள் கவலை வேறு.)

கழனிப் பக்கம் ஒரு சுற்று போய்க் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். எல்லாரும் பின்னாலேயே நடந்து வந்தார்கள். ஏரிக் கால்வாய்க் கரையில் திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். நானோ சிரித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தேன். பின் சக்கரம் கரை விளிம்பில் சரிந்தது. வானம் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொம்!

கண்ணைத் திறந்தபோது வண்டி கால்வாய்க்குள் ஒருக்களித்துக் கிடந்தது. நான் கொடியில் காயும் வேட்டி போலப் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ, எம் புள்ள!" என்று அலறிக்கொண்டு நைனா ஓடிவந்தார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கு முன்னால் கலைவாணி கால்வாயில் குதித்து, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"பெல்ட்ட யாரும் கயட்டாதீங்க! மொதல்ல ஆளத் தாங்கிப் புடிங்க!"

அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதிர்ச்சியில் எனக்கு எல்லாம் மறந்துபோய், அன்றைய விசேஷம் மட்டும் நினைவில் இருந்தது.

"என்னப் புடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"பெல்ட்டு புடிச்சிகினு கீது. இப்போதிக்கி அது போதும்," என்றாள்.

என்னை இறக்கிவிட்ட பிறகுதான் பார்த்தேன். வளைவு சேற்றில் ஆழப் புதைந்து வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது மடங்கியே கிடந்திருந்தால் அந்தப் பாரம் என் மேல்தான் இறங்கியிருக்கும். நைனா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாளே கொட்டகைக் கூரையைப் பிரித்து உயர்த்திக் கட்டினார்.

ராஜகுளத்திலிருந்து பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. "பெல்ட்டு போடச் சொன்னா போட்டுக்கினாரு. முன்னாடி பாத்து ஓட்ட நான் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்றாளாம்.

மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு மர ஊஞ்சல் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் அதில் உட்காரப் போனால், அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்படி அவர் குரல் கொடுப்பார்:

"மாப்ளைய யாராச்சும் புடிச்சிக்கோங்கப்பா, இதுல பெல்ட்டு கெடையாது!"