மாங்கரட்டின் நூற்று நான்கு அடுப்புகள்

மாங்கரடு,
11-7-1968, வியாழன்

பாசத்துக்கும் பயபக்திக்கும் உரிய சாமி மாமாவுக்கு, அக்காள் மகள் தெக்லா சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி எழுதுவது.

இன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நலம்தான். ஆனால் போன மாதம் வரை சேர்ந்து நலமாக இருந்தோம், இப்போது தனித்தனியாக நலமாக இருக்கிறோம். ஆயர் இல்லத்தில் தாங்கள் சளி இருமல் இல்லாமல் இருக்கவும், தங்கள் மேசைக்கு வருகிற தபால் எல்லாம் மெதுவாக வரவும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டாவது வேண்டுதலுக்குக் காரணம் உண்டு. எங்கள் பங்குச் சாமியார் திங்கட்கிழமை ஆயர் ஆண்டகைக்கு ஒரு நீளமான உறை அனுப்பியிருக்கிறார். அதற்குள் நான் என் கையால் எழுதிய பட்டியல் இருக்கிறது. ஆண்டகை பார்ப்பதற்கு முன்னால் தாங்கள் அதை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் தபாலை ஏற்றிப்போகிற மத்தியான பஸ் வந்துவிடுமோ என்று இதுவரை நான்கு தடவை எழுந்துபோய் ரோட்டைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊருக்கு மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும்தான் பூசை என்பது தங்களுக்குத் தெரியும். மரியசூசை தாத்தா பொங்கலுக்குப் பிறகு படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது தெரிந்திருக்காது. சாகும்போது சாமியார் பக்கத்தில் நின்று அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. சாமியார் இருப்பதோ பதினான்கு மைலுக்கு அப்பால். மூன்று தடவை ஆள் அனுப்பினோம். மூன்றாம் தடவை எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துச் சாமியார் வந்து சேர்ந்தபோது தாத்தா எழுந்து உட்கார்ந்து களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சாமி வராங்கன்னு சொன்னாங்க, அதக் கேட்டதும் தெம்பு வந்துடுச்சிங்க" என்றார். சாமியார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஊரிலேயே ஒரு சாமியார் குடியிருந்தால்தான் இதற்கு முடிவு என்று அவர் ஆண்டகைக்கு எழுத, நூறு குடும்பம் இருக்குமானால் யோசிக்கலாம் என்று பதில் வந்தது.

ஜூன் மாதப் பூசை முடிந்ததும், குடும்பங்களை எண்ணித்தர யார் முன்வருகிறீர்கள் என்று சாமியார் கேட்டார். ஆண்கள் எல்லாரும் கோயில் கூரையைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். அவர் கையில் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று இருந்ததை முதலிலேயே பார்த்துவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. முதல் பக்கத்தில் அவரே விதியை எழுதிக்கொடுத்தார்: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். விதி என்றால் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நான் செய்த முதல் பிழை அதுதான், மாமா.

எண்பத்தொன்று வந்தது. மறுபடியும் எண்ணினேன், எண்பத்தொன்றுதான். கோயிலுக்கு அடுத்த வீட்டு ரஹமத் பீவி, செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தினி கண்ணு கொறையுது? நாங்க பள்ளிவாசல் கணக்குல இருக்கறோம். ஒண்ணே ஒண்ணுதான் கொறையுதுன்னா சொல்லு, எங்க வூட்டுக்காரர் காதுல போட்டுப் பாக்கறேன்" என்றார். பத்தொன்பது என்றதும், "அவ்ளோ பேரு நாங்க இல்லியே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். உபதேசியார் ஞானராஜ் ஐயாவிடம் போனேன். அவர் நோட்டை வாங்கி விதியை இரண்டு தடவை படித்தார். பிறகு, "ஆளு கொறையுதுன்னு யாரு சொன்னது? அடுப்புதான கொறையுது" என்றார்.

அன்று சாயங்காலமே கோயில் மணி அடித்து ஊரைக் கூட்டினார். "சாமி வந்து பட்டியல வாங்கிட்டுப் போற வரைக்குந்தாங்க. அப்புறம் இடிச்சிப்புடலாம். மரியசூசை அண்ணனுக்காவ" என்றார். மாமியார்கள் யோசித்தார்கள். மருமகள்கள் யோசிக்கவேயில்லை. அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஞானமேரி அம்மா வீட்டில் நான்கு மகன்கள், நான்கு மருமகள்கள், ஒரே அடுப்பு. இரண்டே நாளில் நான்கு மூலையில் நான்கு அடுப்பு எழும்பிவிட்டது. மண் அடுப்பு போட்டுத்தருகிற செல்லி ஏரிக்கும் ஊருக்கும் களிமண் சுமந்து சுமந்து, "உங்க மாதா நல்ல மாதா கண்ணு. எங்க மாரியாத்தா இத்தினி வருசத்துல எனக்கு இப்பிடி ஒரு வேல குடுக்கல" என்றாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். எண்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து, கடைசியில் நூற்று நான்கு. அடுப்பு இருக்கிறது, புகை வருகிறது, விதிப்படி எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். போன ஞாயிறு சாமியார் அதைப் பார்த்துவிட்டு, "நீ இருக்கறப்ப எனக்கு என்னம்மா கவலை" என்று எனக்கு ஒரு சின்ன மாதா சுரூபம் கொடுத்தார். அதை அலமாரியில் வைத்தேன், அங்கிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தேன், பெட்டியிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். எங்கே வைத்தாலும் என்னைத்தான் பார்க்கிறது.

திங்கட்கிழமை அடுப்புகளை இடிப்பதாகப் பேச்சு. ஒருவரும் இடிக்கவில்லை. நம் வீட்டையே பாருங்கள். லூர்தம்மாள் பெரியம்மா, "போதும் ராஜமேரி, உன் அடுப்ப எடுத்துடு" என்றார். அம்மா, "இருக்கட்டுங்க்கா, சாமி திடீர்னு வந்து பாத்துட்டா?" என்றாள். "சாமி அடுத்த மாசந்தான வருவாரு." "அப்ப அடுத்த மாசம் எடுக்கறேங்க்கா." கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகப் பெரியம்மா போட்ட உப்பைத்தான் அம்மா சாப்பிட்டாளாம், தன் நாக்குக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பதை இப்போதுதான் கண்டுபிடிக்கிறாளாம். அப்பாவும் பெரியப்பாவும் முன்போலவே பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். இரண்டு தட்டு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. அம்மாவும் பெரியம்மாவும் உள்ளே திரும்பியதும் இவர்கள் தட்டை மாற்றிக்கொள்கிறார்கள்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஞானமேரி அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பெரியவளிடம் சாப்பிட்டிருப்பார் என்று சின்னவளும், நடுவுள்ளவளிடம் சாப்பிட்டிருப்பார் என்று பெரியவளும் இருந்துவிட்டார்கள். "நீதான எண்ண வந்தவ. என்னெ எந்த அடுப்புல எழுதின, பாத்துச் சொல்லு. அங்க போய் உக்காந்துக்கறேன்" என்றார். நோட்டைப் புரட்டினேன். நான்கு அடுப்பிலும் அவர் பெயர் இல்லை. அடுப்பை எண்ணுகிற அவசரத்தில் அவரை நான் எழுதவேயில்லை, மாமா. அம்மா கூப்பிட்டுச் சோறு போட்டாள். பெரியம்மாவும் போட்டார். அவர் இரண்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

மரியசூசை தாத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, பொய்க் கணக்கால் வருகிற சாமியார் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் மோட்சத்தில் செல்லுமா என்று கேட்டேன். "எனக்குச் செல்லும் கண்ணு. கணக்கு எழுதின புள்ளைக்குத்தான் என்னன்னு தெரியில" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன். அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். எண்பத்தொன்றுதான் உண்மை. அதை எடுத்தால் எங்களுக்குச் சாமியார் கிடையாது, தாத்தா சாமியார் வந்து சேராத ஒரு நாளில் பயந்துகொண்டே போய்விடுவார். எடுக்காவிட்டால் நான் ஆண்டகையிடம் பொய் சொன்னவள். இரண்டையும் நினைத்து நினைத்து இந்த ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில் மை கொட்டிவிட்டது, மன்னிக்கவும். அம்மா தங்களுக்குத் தன் அன்பையும், பெரியம்மா தனியாகத் தன் அன்பையும் சொல்லச் சொன்னார்கள். பூசையில் எனக்காக ஒரு தடவையும், ஞானமேரி அம்மாவுக்காக இரண்டு தடவையும் வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, தங்கள் ஆசீர்வாதத்தை இந்தத் தடவை உண்மையாகவே எதிர்பார்க்கும்
தெக்லா
ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: நான் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது பஸ் நிற்காமல் போய்விட்டது. சாயங்கால பஸ் வரை சும்மா இருக்க முடியாமல் நோட்டோடு ஊர் முழுவதும் போய், மாமாவுக்கு எழுதிவிட்டேன், இனி இடித்துவிடுங்கள் என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். ஒரு வீட்டிலும் இடிக்கமாட்டார்களாம். இனிமேல் இப்படித்தானாம். "வேணும்னா என்னெ இடிச்சிட்டுப் போயி அடுப்பெ இடி" என்று ஞானமேரி அம்மாவின் மூன்றாவது மருமகள் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். ஞானமேரி அம்மாவும் காலையில் செல்லியைக் கூப்பிட்டுத் தனக்கென்று ஒரு அடுப்பு போட்டுக்கொண்டார். அதில் கொள்ளுக் குழம்பு கொதிக்கிறது, நான்கு மருமகள்களும் கிண்ணத்தோடு நிற்கிறார்கள், அவர் ஒருத்திக்கும் ஊற்றவில்லை. ஆகவே, மாமா, திங்கட்கிழமை பொய்யாக இருந்த பட்டியல் இன்றைக்கு உண்மையாகிவிட்டது. நூற்று ஐந்தாவதாக ஞானமேரி என்று கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடுங்கள். தாத்தாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப சாமி குடி வர்ற வரைக்கும் நான் இருக்கறேன். ஆவணி தாண்டிச்சின்னா எனக்கே உறுதி சொல்ல முடியாது" என்றார். அந்த உறையை ஒளிக்கவும் வேண்டாம், மற்ற தபாலோடு அடுக்கவும் வேண்டாம். நேரே கொண்டுபோய் ஆண்டகை கையில் கொடுத்துவிடுங்கள்.