நான் திட்டியது உன்னையல்ல, ஜன்னலை

அன்புத் தங்கைக்கு உன் அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. இவ்வளவு கோபப்பட முடிகிறதென்றால் நீ நன்றாகத்தான் இருக்கிறாய்.

கண் ஆபரேஷனுக்கு எங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன் என்று நீ உன் மகளிடம் சொல்லி, அவள் என் மருமகளிடம் சொல்லி, மருமகள் நேற்று என்னிடம் சொன்னாள். மூன்று வாய் மாறி வந்தாலும் அது உன் பேச்சுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "உங்க அக்கா கண்ணாடிக் கடையில நின்னு உங்க மானத்தை வாங்குறாங்க, அதுவும் மூணு தடவை" என்று உன் மாப்பிள்ளை வந்து சொன்னாராமே. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் உன்னைத் திட்டவில்லை. ஜன்னல் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை முழுதாகப் படி. எதையும் பாதியில் மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு. எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்காதே. நான் மூன்றாம் வகுப்போடு நின்றது யாரால்? நீ பிறந்தாய், உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, என் சிலேட்டைப் பரணில் போட்டார்கள்.

என் பேத்தி புத்தகங்களை வாய்விட்டுப் படித்து ரெக்கார்டு செய்து கொடுக்கிறாளே, அந்த வேலையை இப்போது வீட்டிலிருந்தே செய்கிறாள். முன்னறையை அதற்கு ஒதுக்கிவிட்டோம். அந்த அறைக்கு நேர் எதிரே வெல்டிங் பட்டறை. போன வாரம் ஒரு கதையில் கதாநாயகி கண்மூடுகிற இடம். இவள் உருகி உருகிப் படிக்கிறாள், நான் வாசலுக்கு வெளியே அழுதுகொண்டே கேட்கிறேன், கடைசி மூச்சு விடுகிற நேரம் பார்த்து எதிரே ஒருத்தன் இரும்பை அறுத்தான். ஆறு தடவை அந்தப் பெண் செத்தாள். ஒரு தடவைகூட நிம்மதியாகச் சாகவில்லை. அப்புறம் இவள் போர்வைக்குள் உட்கார்ந்து படித்துப் பார்த்தாள். அது குளிர் நடுக்கத்தில் சாகிறவள் மாதிரி இருந்தது. "சுவரெல்லாம் கெட்டிதான் பாட்டி, ஜன்னல்தான் மோசம், எங்கூட வந்து ஒரு ஜன்னல் பாருங்க" என்று கூப்பிட்டாள். என்னை ஒருத்தர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டு எத்தனை வருஷம்! போனேன்.

அந்தக் கடையில நடுவுல ஒரு குட்டி அறை கட்டி வெச்சிருக்காங்க, குளியலறை அளவுதான் இருக்கும். மூணு பக்கமும் மூணு விதமான ஜன்னல், நாலாவது பக்கம் கதவு. உள்ளே ஆள் உட்காரணும், வெளியே ஸ்பீக்கர் பெட்டி வெச்சு லாரிச் சத்தம் போடுவாங்க, எந்த ஜன்னல் வழியா கம்மியா கேட்குதோ அதை வாங்கிக்கணும். நாங்க போன அன்னிக்குன்னு பார்த்து அந்தப் பெட்டி ரிப்பேர். கடைக்காரர் தலையைச் சொறியிறாரு. இவ சும்மா இருக்காம, "எங்க பாட்டி இருக்காங்களே" அப்படின்னுட்டா. "பாட்டி, நீங்க சத்தமா, நிறுத்தாம பேசணும். மூணு ஜன்னல்கிட்டயும் ஒரே விஷயத்தைப் பேசணும், அப்பதான் ஒப்பிட முடியும். உங்களுக்கு மனப்பாடமா என்ன தெரியும்?"

நீயே சொல்லு. எனக்கு மனப்பாடமா வேற என்ன தெரியும்?

அவ ஒரு சின்ன ரெக்கார்டர் பெட்டியை எடுத்துக்கிட்டு உள்ளே போய் உட்கார்ந்தா. நான் முதல் ஜன்னல்ல ஆரம்பிச்சேன். அது பக்கவாட்டுல தள்ளித் திறக்கிற ஜன்னல். மழையில என் மரப்பிடிக் குடையை நீ பஸ்ல விட்டுட்டு, "நான் குடையே கொண்டுபோகல" அப்படின்னு சாதிச்சது. என் கல்யாணப் போட்டோவுல உன் கொண்டை என் முகத்துல பாதியை மறைச்சது. என் மூத்தவன் பிறந்தப்ப எட்டிப் பார்த்துட்டு, "போகப் போகச் சரியாயிடும்" அப்படின்னு நீ ஆறுதல் சொன்னது. கடைசியா அம்மாவோட தையல் மெஷின். மேசையிலிருந்து விழுந்து சக்கரம் விரிசல் விட்டுப் போச்சே, அம்மா ஓடி வந்து பார்த்தப்ப அது பக்கத்துல நின்னது யார்? நீ. ஒம்பது வயசு, உனக்கு எதுக்குத் தையல் மெஷின்? எல்லாம் சொல்லி முடிச்சேன். பேத்தி கதவைத் திறந்து, "ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு பாட்டி, இது வேண்டாம்" அப்படின்னா.

ரெண்டாவது ஜன்னல் ரெட்டைக் கண்ணாடி. திரும்பவும் குடையிலிருந்து ஆரம்பிச்சேன். இதுக்குள்ள கண்ணாடி வெட்டுறவர் வேலையை நிறுத்திட்டு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டாரு. "அப்புறம் அந்தக் குடை கிடைச்சுதாம்மா?" அப்படின்னு கேட்டாரு. உன் வாயிலிருந்து ஒருநாளும் வராத கேள்வி. முடிச்சதும் பேத்தி, "வார்த்தை புரியல பாட்டி, ஆனா கோபம் கேட்குது" அப்படின்னா. ரெண்டு கண்ணாடியும் ஒரே தடிமனாம், ஒண்ணு அதிர்ந்தா இன்னொண்ணும் கூடவே அதிருமாம். மூணாவது ஜன்னல்ல ஒரு கண்ணாடி தடிசு, ஒண்ணு மெல்லிசு, ரெண்டும் ஒத்துப்போகாது, அதனாலதான் சத்தம் நடுவுலயே செத்துப்போகும்னு கடைக்காரர் விளக்கினாரு. ஒத்துப்போகாததுல இப்படி ஒரு நன்மை இருக்குன்னு நம்ம வீட்டுல யாருமே சொன்னதில்லையே. அது கதவு மாதிரி திறக்கிற ஜன்னல், சுத்தி ரப்பர், மூடினா நூல் நுழையாது.

மூணாவது தடவை தொண்டை கட்டிக்கிச்சு, விட்டு விட்டுப் பேசினேன். "போட்டோவை விட்டுட்டீங்கம்மா" அப்படின்னு கண்ணாடி வெட்டுறவர் எடுத்துக் கொடுத்தாரு. முடிச்சுட்டுத் திரும்பினா, எதிர்ல ஒரு கிழவி வாயைத் திறந்துக்கிட்டு என்னையே முறைக்கிறா! யாருடி இதுன்னு பார்த்தா நான்தான். பெரிய குளியலறைக் கண்ணாடி ஒண்ணு, அதுக்குக் கீழே ரெண்டு பாதம், மேலே உன் மாப்பிள்ளையோட நெத்தி. உங்க ஊர்ல இருந்து கண்ணாடி வாங்க வந்த மனுஷன் அதைக் கீழேயும் வைக்க முடியாம, போகவும் முடியாம எவ்வளவு நேரம் நின்னாரோ. "வாங்க மாப்பிள்ளை, ஜன்னல் பார்க்கிறோம்" அப்படின்னேன். நெத்தி மட்டும் வேர்த்துச்சு. அப்படியே போயிட்டாரு.

அவர் அவசரப்பட்டுப் போனதால்தான் கடைசிச் சோதனையைப் பார்க்கவில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்கிறதா என்று பார்க்க, பேத்தி என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். நான் ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் எண்ணினேன். அவ்வளவுதான். வெளியே ஒரு சத்தம் கேட்கவில்லையாம். அந்த ஜன்னலையே வாங்கிவிட்டோம். முந்தாநாள் மாட்டியாகிவிட்டது. எதிரே நெருப்புப் பொறி பறக்கிறது, சத்தமே இல்லை.

ஆக, நடந்தது இதுதான். மாப்பிள்ளை கேட்டது ஒரு சோதனை. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஆகவே மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. நீ லாட்ஜில் கண்ணைக் கட்டிக்கொண்டு யார் கையைப் பிடித்து நடப்பாய்? புது ஜன்னல் மாட்டிய முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். பேத்தி உனக்குப் படித்துக் காட்டுவாள். நான் குறட்டை விடுகிறேன் என்று உன் மகள் கல்யாணத்தில் எல்லோரிடமும் சொன்னாயே, கதவைச் சாத்திக்கொள், கேட்காது. உன் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. கண்ணாடி உடையாமல் வீடு போய்ச் சேர்ந்ததா?

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த அக்கா

பின்குறிப்பு: பிழை திருத்தச் சொல்லி இந்தக் கடிதத்தைப் பேத்தியிடம் கொடுத்தேன். ஒன்றிலிருந்து நூறு என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "பாட்டி, ரெக்கார்டரை நான் உள்ளயே விட்டுட்டு வந்தேன், நீங்க உள்ள இருந்தப்பவும் அது ஓடிட்டுதான் இருந்துச்சு. அப்புறம் போட்டுக் கேட்டேன்" அப்படின்னா. சிவப்பு விளக்கு எரிஞ்சதைப் பார்த்தேன், சார்ஜ் ஏறுதுன்னு நெனச்சேன். அறுபது வருஷத்துல, யாருக்கும் கேட்காதுன்னு ஒரு இடம் எனக்கு அன்னிக்குத்தான் கிடைச்சுது. அதுவும் இப்படி ஆயிடுச்சு. நீ வந்து அவ உனக்குப் போட்டுக் காட்டுறதுக்குள்ள நானே சொல்லிடறேன். துணி தைக்கிற அவசரத்துல மெஷினை இழுத்துத் தள்ளினது நான். நீ தூங்கிட்டு இருந்த. சத்தம் கேட்டு ஓடி வந்து பக்கத்துல நின்ன. அம்மா வந்து யாருன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல, உன்னைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் உன்னை மெஷின் பக்கமே விடல, அது என் கல்யாணத்தோட என்கூடவே வந்துடுச்சு. எண்ணெய் போட்டு உன் கட்டில் பக்கத்துல வெச்சிருக்கேன். கண் கட்டு பிரிச்சதும் முதல்ல அந்தச் சக்கரத்தைப் பாரு. போறப்ப மெஷினை எடுத்துக்கிட்டுப் போ.

குடை நீ தொலைச்சதுதான்.