பொட்டி அக்காவின் டெலிவரி

பட்டுப்புடவைப் பெட்டியைக் கண்டு ஆரணி ஆண்கள் நடுங்கினார்கள் என்றால், அதற்கு ஒரே காரணம் பொட்டி அக்காதான்.

பட்டுக் கடையில் புடவை மடித்துப் பெட்டியில் வைப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஆற்றில் இருப்பார். கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுவதே மழைக்குப் பிறகு சில வாரங்கள்தான். அதுவும் நம் ஜனங்களுக்குப் பொறுக்காது. ஆற்றில் உட்கார்ந்து குடிப்பார்கள். குடித்த பாட்டிலைக் கல்லில் அடித்து உடைப்பார்கள். உடைவதைச் செல்போனில் படம் வேறு எடுப்பார்கள். கேட்டால், "ஆறு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்பார்கள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். பிள்ளைகள் குளிக்க வருமுன் அந்த இடம் முழுக்க வெறுங்காலோடு நடப்பார். காலில் தட்டுப்படுவதையெல்லாம் குனிந்து பொறுக்குவார். கடையில் நசுங்கியதென்று ஒதுக்கிய பெட்டிகளில் அவற்றை அழகாக அடுக்கி, நாடா கட்டி, போட்டவர் வீட்டுக்கே போய்க் கொடுப்பார்.

"ஆத்துல மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க. எட்தாந்தேன்."

ஒருமுறை ஆற்றில் கிடந்த கேக் அட்டையில் பிறந்தநாள்காரர் பெயர் இருந்தது. பவர்லூம் வைத்திருப்பவர். ஆரணியில் பெயர் கிடைத்தால் வீடு கிடைத்த மாதிரி. அவர் மனைவி பெட்டியை வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திறந்தார். இரண்டு குவார்ட்டர் பாட்டில், கோழி எலும்பு, கிரீம் அப்பிய மெழுகுவத்தி.

"இவ்ளோ வருசத்துல ஒரு பொடவை வாங்கித் தர துப்பில்ல, இது ஒண்ணுதான் கொறச்சல்!"

அந்த வீட்டில் அடுப்பு எரிய இரண்டு நாளாயிற்று. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போதுகூடத் தலையைத் திருப்பியதில்லை.

நாங்கள் ஐந்து பேர் ஆற்றுத் தன்னார்வலர்கள். டி-ஷர்ட் எல்லாம் உண்டு. சென்ற மழையில் தண்ணீர் வந்ததும் பெரிய விழா நடத்தினோம். டயர் ட்யூபில் பிள்ளைகளை மிதக்க விட்டோம். பள்ளம் எங்கே, எதுவரை இறங்கலாம், கண்ணாடி பாட்டில் ஏன் கூடாது என்று நான் தொண்டை கிழியப் பேசினேன். பின்னால் பேனரில் என் சிரித்த முகம். திடீரென்று மழை கொட்டியது.

"நாளைக்கு வந்து எட்துக்கலாம், வாங்கடா!" என்று முதலில் ஓடியவன் நான்தான்.

அந்த நாளை வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது. அம்மா பூரித்துப்போனாள். "எனக்குத் தெரியாம பொடவை எட்துகினு வந்தியா கண்ணு?"

திறந்தாள். பேனரைப் புடவை மடிப்பில் மடித்து, முந்தானை வரும் இடத்தில் என் முகம் சரியாக மேலே வரும்படி வைத்திருந்தார் அக்கா. அடியில் எங்கள் பிரியாணி டப்பாக்கள். ஓரத்தில், டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஒரு நீள ஆணி. பேனர் சட்டத்தில் அடித்தது.

அக்கா வாசலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். பாதத்தில் துணிக்கட்டு. துணியெல்லாம் சிவப்பு.

எனக்கு வந்த கோபத்தில் அவர்மீதே பாய்ந்தேன். "செருப்பு போட்டுகினு எறங்குனா இன்னாக்கா? கொறஞ்சா போயிடுவீங்க?"

"புள்ளைங்க செருப்பு போட்டுகினா குளிக்குதுங்க?"

இத்தனை நாள் ஊரைத் திட்டிய வாய்க்கு என்னைத் திட்ட வார்த்தை போதவில்லை. அவரை வண்டியில் ஏற்றி ஊசி போடக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் "மெதுவா ஓட்றா" என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காலில் தண்ணீர் படக்கூடாது என்றார் டாக்டர். அதனால் போன ஞாயிறு அக்கா கரைக் கல்லில் உட்கார்ந்தார். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

"ஜல்தி ஜல்தியா போறான் பாரு! காலை அழுத்தி வையிடா. உனுக்குக் குத்துனாதான் அதுங்களுக்குக் குத்தாது!"

ஒரு பெட்டி நிறையப் பொறுக்கினேன். அதன் பிறகுதான் பிள்ளைகள் தண்ணீரில் குதித்தார்கள். கரையேறியதும் அக்கா என் பாதத்தைத் தன் மடியில் இழுத்து வைத்து, புதுப் புடவையில் நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் இன்னொரு காலையும் நீட்டினேன்.