பிறக்கத் தாமதமாகிவிட்ட வீரர்

வாசகரே, மனிதர்களில் ஒரு வகையினர் உண்டு: தப்பித் தவறிப் பின்னால் பிறந்துவிட்ட வீரர்கள். இருநூறு வருஷம் முன்னாலேயே பிறந்திருந்தால் உலகத்தில் அநியாயம் என்று ஒன்று மிஞ்சியிருக்காது. என்ன செய்வது, பிறந்த தேதி காலை வாரிவிட்டது. "அந்தக் காலத்துல நான் மட்டும் இருந்திருக்கணும்!" என்று யாராவது மேஜையைத் தட்டினால், அவரேதான். தண்ணீர் டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போகிறவர் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் அலுவலக மேலாளர். பரம சாது. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்பவர். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடியறைக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. அங்கே ஒரு வாசிப்பு வட்டம் அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் தலையணை கனப் புத்தகம் ஒன்றைப் படித்துவருகிறது. கப்பல், சங்கிலி, ஏலம் என்று பக்கம் புரளப் புரள நம்மவருக்குக் கண் சிவக்கும், குரல் உடையும், கைக்குட்டை வெளியே வரும். பொய்யில்லை, நிஜமாகவே அழுவார். விடுதலைச் சட்டம் வந்த அத்தியாயத்தில் எழுந்து நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு, சட்டம் போன பின்னும் வழக்கம் போகாமல் வேறு சட்டை மாட்டிக்கொண்டு நடமாடுவதைப் பற்றிய அத்தியாயங்கள் வந்தன. "இந்தப் பகுதி கொஞ்சம் இழுவையா இருக்கு" என்று கொட்டாவி விட்டார்.

அவருக்கு ஆகவே ஆகாதவன், கப்பல் வரும்வரை மனிதர்களை அடைத்துவைத்த கிடங்கின் சாவியை வைத்திருந்த குமாஸ்தா. "அடிச்சவனைக்கூட விடுங்க. இவன் கையில சாவி இருந்துச்சே! எப்படித்தான் தூங்கினானோ!"

நம்மவர் நன்றாகத் தூங்குவார். அவருடைய சட்டைப் பையிலும் ஒரு சாவி உண்டு. வெளிநாடுகளிலிருந்து தைக்க வந்த பெண்களின் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் அவர் அறை அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. எதற்கு? தொலைந்துவிடக் கூடாதே! எவ்வளவு பத்திரம் என்றால், உரியவர்கள் கைக்குக்கூடக் கிடைக்காத பத்திரம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, காலர் தைக்கும் பெண் அவர் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஊருக்குப் போகணும். பாஸ்போர்ட் குடுங்க சார்."

"அடடா, அப்படியா! எனக்கு மனசு கேக்கலம்மா. ஆனா முதலாளி ஊர்ல இல்லையே. வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"அதுவரைக்கும் அம்மா..."

"தைரியமா இரும்மா, நான் இருக்கேன்ல?"

அன்று ராத்திரியே அந்தப் பெண்ணின் கஷ்டத்தை மனைவியிடம் உருகி உருகிச் சொன்னார். மறுநாள் வட்டத்தில் குமாஸ்தாவை இன்னொரு முறை கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்துப் பையைத் துழாவினாள்.

"அந்தக் குமாஸ்தா என்னதாங்க பண்ணியிருக்கணும்?"

"கதவைத் திறந்து விட்டிருக்கணும்!"

"முதலாளி கேட்டா?"

"கேட்டா கேட்டுட்டுப் போறான்! மனுஷனா பொறந்தவன் அதுக்கெல்லாம் பயப்படலாமா?"

மனைவி சாவியை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டுவிட்டுத் துணியோடு உள்ளே போய்விட்டாள்.

பாவம், அன்றைக்கு மனிதருக்குத் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக அலமாரியைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டை அவளிடம் கொடுத்தார். அவள் அழுதாள். அவரும் அழுதார். எனக்கே அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வாசிப்பு நடக்கவில்லை. நம்மவர்தான் பேசினார், நூலகத்தில் விளக்கணைக்கும்வரை. முதலாளியின் கோபத்துக்கு அஞ்சாத ஒருவன் வரலாற்றில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நூலகர் அம்மாள் மட்டும் மெதுவாகக் கேட்டார்:

"மத்தவங்க பாஸ்போர்ட்டெல்லாம் சார்?"

"அதெல்லாம் பத்திரமா பூட்டி வெச்சிருக்கேன்" என்றார் நம்மவர், பெருமையாகச் சட்டைப் பையைத் தட்டியபடி. "அவங்க இன்னும் கேக்கலையே!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருப்பீர்கள், எனக்குத் தெரியாதா! சிரித்து முடித்ததும் உங்கள் பையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு எழுத வேண்டிய வேலை இருக்கிறது.