முதல் வரியில் பிள்ளையார்

எக்செல் தெரிந்த பிள்ளையிடம் கலியாண வீட்டுப் பட்டியலைக் கொடுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை நான்தான்.

அக்காவின் கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். எங்கள் பக்கத்து ஆட்கள் கல்கிசை, ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று சிதறி இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மேளக்காரரும் கொட்டாஞ்சேனையில்தான் தங்கியிருந்தார்கள். எல்லாரையும் ஏற்றிவர நான்கு வான்கள். எந்த வான் எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்கும் என்பதை எக்செலில் போட்டேன். (ஒரு கொப்பித்தாளில் பத்து நிமிடத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் என் கெட்டித்தனம் எப்படித் தெரியும்?)

முதலில் நேரம் கேட்டு நச்சரித்தவர் சமையல்காரர். ஆகவே B1 கட்டத்தில் சாப்பாடு, பன்னிரண்டரை. அதன் கீழே B2 இல் முகூர்த்தம், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். முகூர்த்தத்திலிருந்து பயண நேரத்தைக் கழித்தால் வான் வரும் நேரம். சூத்திரத்தைக் கீழே இழுத்தேன். B2 என்றது B3, B4 என்று காலிக் கட்டங்களுக்கு நழுவி, கல்கிசை மாமாவுக்கு நேராக வெறும் ##### வந்து நின்றது.

சூத்திரத்தில் B2 ஐ டொலர் குறி போட்டு நழுவாமல் பூட்டியிருந்தால் அலுவல் முடிந்தது. ஆனால் நான் அப்போதுதான் ஒரு வீடியோவில் 'இன்டிரெக்ட்' என்ற வித்தையைப் பார்த்திருந்தேன். கட்டத்தின் விலாசத்தை வெறும் எழுத்தாகக் கொடுத்துவிடலாம். எங்கே இழுத்தாலும் அசையாது. வீட்டுக்காரர் வேறிடம் போனாலும் பழைய கதவையே தட்டும் தபால்காரர் மாதிரி. (இந்த உவமை அப்போது தோன்றவில்லை.)

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன்: "ஒருத்தரும் ஓட்டோ பிடிக்க வேண்டாம். வான் வரும்வரை அசைய வேண்டாம். என்ர ஷீட்டை நம்புங்கோ." பிறகு, என்னைத் தவிர யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினேன்.

ஷீட்டின் இணைப்பை அம்மாவுக்கும் அனுப்பியிருந்தேன்; யார் போனில் திறந்தாலும் அதே ஷீட்தான். அடுத்த நாள் அதை அச்சடித்து, நிறங்கள் வடிவாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு வான்காரரிடம் கொடுத்தேன்.

கலியாணத்தன்று பத்து மணி. மாப்பிள்ளை பக்கம் நிறைந்து வழிந்தது. எங்கள் பக்கத்தில் உட்கார ஆளில்லாத கதிரைகள் மட்டும். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "உங்கட ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?"

என் போனைத் தேடினேன். போன் அம்மாவின் கைப்பையில். எடுத்தால் தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று. கொட்டாஞ்சேனை வான்காரரை அழைத்தேன்.

"என்ன தங்கச்சி அவசரம்? லிஸ்டில பதினொண்டரை எண்டுதானே கிடக்கு. நான் இப்ப டீ குடிக்கிறன்."

ஷீட்டைத் திறந்தேன். முதல் வரியில், நான் போடாத ஒரு பெரிய 'உ'.

"அம்மா, இது ஆர் போட்டது?"

"நான்தான். பிள்ளையார் சுழி இல்லாமல் கலியாண லிஸ்டோ? மேல ஒரு வரி சேர்த்துப் போட்டனான்."

எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. என் தபால்காரர் மட்டும் B2 வாசலிலேயே நின்றார். அங்கே இப்போது குடியிருந்தது சாப்பாடு. நான்கு வான்களையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்!

"நல்ல நேரம் கால்மணித்தியாலந்தான். கெட்டிமேளம் எங்க?" என்றார் ஐயர். அக்கா மணவறையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மண்டபத்தில் சரியான நேரத்துக்கு வந்திருந்த ஒரே கூட்டம் சமையலறையில் இருந்தது. ஓடினேன்.

"அண்ணை, மேளம் வரேல்லை. தட்டத் தெரியுமோ?"

"என்ன பிள்ளை, நாங்கள் சமைக்கிற ஆக்கள்."

"கையில மூடி இருக்கல்லோ!"

சோற்று அண்டா மூடி, சாம்பார் வாளி, அகப்பை எல்லாம் முழங்க, அக்கா கழுத்தில் தாலி ஏறியது. அப்பா அழுதார். ஆனந்தமா அவமானமா என்று இன்றுவரை கேட்கவில்லை. பன்னிரண்டுக்கு வந்திறங்கிய கல்கிசை மாமா என் முதுகில் தட்டினார்: "உன்ர ஷீட் கெட்டிக்காரி! சாப்பாட்டுக்குப் பிந்தேல்லை."

பிள்ளையார் போட்டபடியால்தான் கலியாணமே நடந்தது என்பது அம்மாவின் கட்சி. நானும் இப்போது எந்த ஷீட்டைத் தொடங்கினாலும் முதல் வரியில் 'உ' போட்டுவிட்டுத்தான் டொலர் குறியைத் தேடுகிறேன்.

ஆனாலும் எங்கள் குசினியில் ஒரு சட்டி மூடி விழட்டும், உடனே முன்னறையிலிருந்து யாராவது கத்துவார்கள்:

"ஆருக்கு இண்டைக்குக் கலியாணம்?"