கொத்சுவை விட்டுக்கொடுத்த மச்சானுக்கு

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிறு மாலை.

மரியாதைக்குரிய மச்சான் இளவரசு அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கீரப்பாளையத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். இதை நீங்கள் யாருமே நம்புவதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

அந்தமான் பயணத்தை என் பொருட்டே ஏற்பாடு செய்தீர்கள், மறுக்கவில்லை. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவனுக்குக் கடற்காற்று நல்லது என்றீர்கள். கடலூர்க்காரனுக்குக் கடற்காற்று காட்ட விமானம் ஏற்றியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான், அதையும் பொறுத்துக்கொண்டேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் வாங்கிப் போவது நம் ஊர் வழக்கம். நோயாளியையே கூட்டிப் போகிறவர்களும் வாங்குவார்கள் என்பது, விமான நிலையத்தில் நம் கல்லூரிக் கூட்டாளி ராஜமாணிக்கம் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஹேவ்லாக் தீவில் கால் வைத்ததும் இன்னொரு கூட்டாளி சார்லஸ், படகுக்காரரில் தொடங்கி இளநீர்க்காரர் வரை எல்லோரிடமும் என் இருதயத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டான். விடுதிச் சமையல்காரர் நம் பெண்ணாடத்து ஆள். உப்பில்லாத மீன் குழம்போடு வந்தவர், தன் சித்தப்பாவுக்கும் இதே ஸ்டென்ட்தான் வைத்தார்கள் என்று ஆரம்பித்து, கருமாதி வரை விவரமாகச் சொல்லிவிட்டு, தைரியமாக இருங்கள் சார் என்று போனார்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. சாயங்காலம் ரம்மி ஆடினோம். கல்லூரி நாளிலிருந்து ஒரு ஆட்டம் தோற்றாலே சீட்டை விசிறியடிக்கிற சார்லஸ், எனக்காக ஜோக்கரைக் கீழே கழித்துப் போட்டான். எனக்குச் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று, சிதம்பரம் கொத்சுவில் அப்படி என்னதான் ருசி, கத்திரிக்காயை வீணடிக்கிறார்கள் என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஆமா மாப்ள, நீங்க சொல்றதும் சரிதான்" என்றீர்கள். சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர் கொத்சுவை விட்டுக்கொடுத்த அந்த நிமிஷத்தில்தான் என் உடம்பை நினைத்து எனக்கே முதன்முதலாகப் பயம் வந்தது.

மறுநாள் பவளப்பாறை பார்க்கக் கடலில் இறங்கினீர்கள். இடுப்பளவு தண்ணீர் வரை நான் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மிதவைச் சட்டை கொடுத்த பையனிடம் நீங்கள், "அவருக்கு வேணாம்பா, அவரு சும்மா பாக்க வந்தவரு" என்றீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று பேர் செருப்பையும் செல்போனையும் காவல் காத்தேன். உங்கள் போன் அடித்தது. எடுத்தேன். உங்கள் தங்கை, என் வீட்டுக்காரி வெண்மதி. அண்ணன் என்றே நினைத்துக்கொண்டு, "அண்ணே, அவரு கோவப்படுறாரா? கோவப்பட்டா எதுத்துப் பேசிடாதீங்க, எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். உங்கள் குரலில் ஒரு "ம்" போட்டு வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எல்லாம் விளங்கியது. நான் பாடம் நடத்தும் காலேஜில் எனக்கு மட்டும் பரீட்சை வேலை இல்லை. மகளின் செல்போனை நான் பிடுங்கினால்கூட அவள் முறைப்பதில்லை. வெண்மதி, உங்கள் அம்மாவைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள். மச்சான், சண்டை போடுகிறவன், எதிரில் இருப்பவன் நாளைக்கும் இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் போடுகிறான். என் விஷயத்தில் உங்கள் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை போய்விட்டது. உன் தங்கையைக் கட்டுறதுக்கு முன்னாடி நாம வாடா போடான்னுதானே பேசிக்கிட்டோம்? கடைசியா எப்போடா என்னைத் திட்டினே? நான் பேசுறதுல பாதி தப்பு. அது எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாதா? தப்புன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாம எப்படிடா காலந்தள்றது?

இனி உங்களோடு எந்தத் தீவுக்கும் வருவதாக இல்லை. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழகட்டும்.

இப்படிக்கு,

பி.கு.: அடுத்த வருஷம் லட்சத்தீவு என்று சார்லஸ் சொன்னான். எனக்கும் சேர்த்தே டிக்கெட் போடவும். மேலே பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். எழுதினால், பாவம், உடம்பு முடியாதவர் என்று மடித்து வைத்துவிடுவீர்கள். மொட்டைக் கடிதமாக வந்தால், எவன்டா இவன் என்று ஒரு நிமிஷமாவது உங்களுக்குக் கோபம் வரும். அதனால் கையெழுத்தில்லாமல், இப்படியேதான் தபாலில் போடப்போகிறேன்.