சலவைச் சிலந்தி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கேட்டவர்கள் வாயைப் பிளக்கிற கதை ஒன்று சொல்லப்போகிறேன். பிளந்த வாயில் ஈ போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

தையலம்மா வீட்டு முன்னறையில் மூன்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. மருமகளுடைய பெட்டிகள். அவள் மறுநாள்தான் வருகிறாள், பெட்டிகள் முந்திக்கொண்டன. ஜெர்மனியில் வேலைக்குப் போன மகன் அங்கேயே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்ட, அங்கே வளர்ந்த தமிழ்ப் பெண். மாமியாரும் மருமகளும் போனில் முகம் பார்த்ததோடு சரி.

"அவ முன்னாடி வந்து தங்கிப் பார்ப்பாம்மா. வீடு பிடிச்சா நாங்க உங்களோடயே இருந்துடறோம். இல்லேன்னா தனியா வீடு பார்த்துக்கறோம்" என்று மகன் சொல்லியிருந்தான்.

அன்றிலிருந்து தையலம்மாவுக்கு ஒரு தையல்கூட நேராக விழவில்லை. பிள்ளை திரும்பி வந்தும் மாடியறை பூட்டியே கிடக்குமோ என்ற பயம்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் தடித்த கறுப்பு மையில் ரயில் போல நீளமாக ஒரு வார்த்தை.

"ஏங்க, இங்க பாருங்களேன். எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி!"

அவள் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார்.

"நம்ம எழுத்துக்குத் தலையில ஒத்தப் புள்ளிதான். இவங்க ரெண்டு வைக்கிறாங்கன்னா சங்கதி பெருசாத்தான் இருக்கும்."

"பிரிச்சுப் பார்த்துடலாமா?"

"இன்னும் ஏறாத பயணியோட மூட்டையைப் பிரிக்கறதா? என் சர்வீஸ்லயே அப்படிச் செஞ்சதில்லை."

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் மருமகள் விமானத்தில் இருந்தாள், மகன் போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுகிற மனிதர். அவர் போனைப் பெட்டிக்கு நேரே பிடித்தார். போன் ஜெர்மனை இங்கிலீஷாக்கியது, அவர் இங்கிலீஷைத் தமிழாக்கினார்.

"மொதல் பெட்டி... கழுவு, சமையலறை."

தையலம்மா நெஞ்சில் கையை வைத்தாள். "வர்றதுக்கு முன்னாடியே சொல்லி அனுப்பிட்டாளா!"

"ரெண்டாவது... சமை, சலவை. துணியைச் சமைக்கணும்னு நினைக்கறேன் அக்கா."

மூன்றாவது பெட்டிக்கு வந்ததும் அவர் கண்ணைச் சுருக்கினார். போனைச் சட்டையில் துடைத்து மறுபடி பிடித்தார்.

"சலவைச் சிலந்தி."

மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் ஓர் அடி பின்னால் போனார்கள்.

"துணி துவைக்கிற சிலந்தியா, தம்பி?"

"அங்கெல்லாம் விஞ்ஞானம் எங்கேயோ போயிடுச்சுக்கா. நாமதான் இன்னும் சோப்பைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கோம்."

தையலம்மா மெல்லப் பெட்டியருகே போய் மோந்து பார்த்தாள். புளித்தாற்போல, வியர்த்தாற்போல ஒரு வாடை. அவள் கண் விரிந்தது.

"உசுரோடதாங்க இருக்கு!"

"மூச்சு முட்டிடப் போகுது" என்று கண்டக்டர் ஓடிப்போய்த் திருப்புளி எடுத்துவந்து அட்டையில் குத்தினார். திருப்புளி மெத்தென்ற எதிலோ இறங்கியது.

"ஐயையோ, மெதுவாங்க! அதுக்கு வலிக்காதா?"

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். நூல் நூற்கிற ஜீவன் ஆயிற்றே என்று, தன் கையால் பூவேலை செய்த தலையணை உறையைப் பெட்டி எதிரே விரித்துவைத்தாள். காலமெல்லாம் நூலோடு கிடந்தவள் அல்லவா? எட்டுக் காலால் துவைத்து, எட்டுக் காலால் பிழிந்து, தான் நூற்ற நூலிலேயே காயப்போடுகிற பூச்சியை நினைக்க நினைக்க அவளுக்கு மேனி சிலிர்த்தது. அதையே பழக்கி வைத்திருக்கிறாள் என்றால் மருமகள் எப்பேர்ப்பட்டவள்!

"சும்மா நிக்காதீங்க. அவ சொன்ன வேலை கிடக்கு."

கண்டக்டர் கல்யாணமான நாளிலிருந்து வீட்டு வேலை என்று ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டதில்லை. ஆனால் இரட்டைப் புள்ளி போட்டு வந்த உத்தரவாயிற்றே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் இறங்கினார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தரை முடிந்து சுவர், சுவர் முடிந்து அலமாரி. மாவு டப்பாவுக்குள் தண்ணீர் போய்ப் பசையானது. "ரைட், போலாம்!" என்று கடைசி வாளியை வீசினார். அது சுவிட்சுப் பலகையில் பட்டது. பட்டென்று ஒரு சத்தம், வீட்டில் மின்சாரம் போயிற்று.

"ஃபேன் நின்னா நிக்கட்டும், அடுப்பு எரியுதில்ல? துணியைச் சமைங்க" என்றாள் தையலம்மா.

இருப்பதிலேயே பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்தது. படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை எல்லாம் உள்ளே போயின.

"உப்புப் போடணுமா?"

"ஆமா, கடுகும் தாளிச்சுக் கொட்டுங்க! கிண்டுங்கன்னா கிண்டுங்களேன்."

கிண்டினார். திரைகளோடு ஒரு சிவப்பு மெத்தை உறையும் சேர்ந்து போயிருந்தது. வெள்ளையெல்லாம் ரோஜா நிறமானது. சாயம் போகட்டும் என்று இன்னும் கொதிக்கவிட்டார்கள். சாயம் போகவில்லை, திரைதான் சுருங்கியது. ஜன்னலில் மாட்டிப் பார்த்தால் குழந்தைக் கவுன் போலப் பாதியில் நின்றது. ராத்திரியெல்லாம் காற்றில்லாமல் புரண்டுவிட்டு, காலையில் மிச்சத் துணியை அண்டாவில் போட்டார்கள்.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது.

மருமகள் உள்ளே வந்தாள். கணுக்கால் நனைகிற சமையலறை, இருட்டு, அரை ஜன்னல் திரை. நடுவில் புகைக்குள்ளிருந்து மாமனார், வியர்வை சொட்டச் சொட்ட, கையில் துடுப்போடு.

"மாமா... நீங்களா துணி துவைக்கிறீங்க?"

தையலம்மா அவசரமாக முன்னால் வந்தாள். போச்சு, மாடியறை போச்சு. "நீ எழுதி அனுப்பினபடிதாம்மா செஞ்சோம். சமையலறையைக் கழுவிட்டோம், துணியைச் சமைச்சுட்டோம். உன் சிலந்திக்கும் ஒரு குறையும் வைக்கல. தண்ணிதான் இன்னும் குடிக்கல."

மருமகள் பெட்டிகளைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கழுவு-சமையலறைன்னா அங்க துணி துவைக்கிற அறை. சமை-சலவைன்னா கொதிக்கிற தண்ணியில துவைக்கிற வெள்ளைத் துணி. சிலந்தி, குடை மாதிரி விரியற துணிக்கொடி."

"துவைக்கிற அறைக்குச் சமையலறைன்னு பேரா!" தையலம்மா வாய்மேல் விரலை வைத்தாள். "கொடிக்குச் சிலந்தின்னா! அடி ஆத்தே, என்ன மாதிரி ஜனங்கம்மா அவங்க! பேர் வைக்கறதிலேயே ஒரு கதை சொல்லிடறாங்களே!" பயம்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனது. பிறகு தயங்கிக் கேட்டாள். "அப்ப இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது குடையா? மெத்துன்னு இருந்ததே."

"பெட்டி அங்க கீழ்வீட்டுக்காரம்மா தூக்கிப் போட்டது, எழுத்தும் அவங்க எழுதினதுதான், அத்தை. உள்ள இருக்கறது பூரா உங்க பிள்ளை துவைக்காம சேர்த்து வச்ச துணி. துவைக்கறதெல்லாம் எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குப் பழக்கமில்லைன்னாரு, அப்படிப்பட்ட வீடே வேண்டாம்னு இதையெல்லாம் இங்க தள்ளிட்டுத் தனி வீடு பார்க்கத்தான் வந்தேன். இப்ப மாமாவைப் பார்த்துட்டேன், நாங்க இங்கேயே இருந்துக்கறோம்!"

உங்கள் வீட்டு மாடியறையிலும் விளக்கு எரியட்டும், கண்ணுகளா. கொடி கொள்ளாமல் துணி காயட்டும், அதை மடிக்க நிறையக் கைகள் இருக்கட்டும்.